இரண்டு சொல் வராவிட்டால்

பொகவந்தலாவைக்கு மேலே, மூன்றாம் வளைவில் தோட்டத்து ஆபீஸ்.
சம்பளக் கணக்கைப் பெர்லில் எழுதியவன் நான்.
பெர்ல் என்பது மொழி. பேர் என்பது
மலையில் ஒரு நாள் கூலி.
ஓடவிட இரண்டு சொல் வேண்டும்:
எந்த மாதம், எந்தக் கணக்கு.

ஒக்டோபர் ஒன்பது, இரவு.
மழை. கரண்ட் வருவதும் போவதும்.
ஜேர்சிக் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு
செப்டெம்பர் என்று அடித்தேன்.
பணியக்கணக்கு என்று அடிக்கவில்லை.
அடித்ததாகத்தான் விரல் இன்னும் சாதிக்கிறது.

அது கத்தியிருக்கலாம்.
கத்தவில்லை.
வராத சொல்லை வெறுமை என்று எடுத்துக்கொண்டு
வெறுமையோடு ஒவ்வோர் ஆளையும் ஒப்பிட்டு
எவரும் பொருந்தவில்லை என்று கண்டு
முந்நூற்றுப் பதினாலு துண்டையும் அச்சடித்தது,
வெகு நேர்த்தியாக.
ரூபாயில் சைபர், சதத்திலும் சைபர்.

விடிந்ததும் ஜன்னலில் முதல் ஆள் மரியபுஷ்பம்.
துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.
"இருபத்தொரு பேர் எனக்கு. அதுல ரெண்டு அரைப்பேர்.
அட்டை கடிச்ச காலோட ஏறுன மலை.
பேரே இல்லன்னா
அந்த மாசம் நான் எங்க இருந்தேன்?"

தொரையிடம் நான்
கரண்டைக் குற்றம் சொன்னேன்.

அன்றிரவு கோப்பின் தலையில் மூன்று வரி சேர்த்தேன்.
வந்த சொல்லை எண்ணு.
இரண்டுக்குக் குறைந்தால் எதையும் திறக்காதே, அச்சடிக்காதே,
செத்துப்போ.
(அந்த மொழியில் கட்டளையே அப்படித்தான்.)
சாகுமுன் கேட்டுவிட்டுச் சா:
எந்த மாதம்? எந்தக் கணக்கு?

அடுத்த மாதமும் ஒரு சொல்லை விட்டேன்.
வேண்டுமென்றுதான். பார்க்க வேண்டியிருந்தது.
கறுப்புத் திரையில் ஒரே ஒரு கேள்வி.
பிரிண்டர் அசையவில்லை.
அந்த அசையாமையைக் கொஞ்ச நேரம்
தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பளத்தன்று அவளிடம் சொன்னேன், சற்றுப் பெருமையாகவே:
இனி சொல் குறைந்தால் நின்றுவிடும் அக்கா.
காசை எண்ணி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.
"குறைஞ்சா நிக்கும், சரி.
கொழுந்துல தண்ணின்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே,
அதுக்கும் நின்னு கேக்குமா?"

கோப்பு திறந்தபடி இருக்கிறது.
நாலாவது வரியில்
கர்சர் மின்னுகிறது.