மூன்று கண்ணாடிகளுக்கு மட்டும் காசு

கௌனஸ் நகரத்தில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடக்கும் சத்தத்தைப் பதிவு செய்யச் சொன்னான் ஸிக்மாஸ்.
உறைந்த ஆற்றுக்குச் சத்தமில்லை என்றேன்.
"அதைத்தான்" என்றான்.
முதல் படம் எடுப்பவனோடு வாதாட முடியாது.
சம்பளமும் பாதிதான் வந்திருந்தது.

படம் அவன் அக்காவைப் பற்றியது.
திரைக்கதையில் அவள் பெயர் 'அவள்'.
வீட்டில் வைவா.
நாற்பத்தொரு வயது,
நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டும் வேலை,
காலையில் ஒன்று, இரவில் இரண்டு மாத்திரை.

என் பொறுப்பு குரல்கள்.
அவள் தலைக்குள் கேட்பவை.
பதினோரு இரவு உட்கார்ந்து செய்தேன்:
கிசுகிசுப்பு, அதன்மேல் இன்னொரு கிசுகிசுப்பு,
பின்னோக்கி ஓட்டிய ஜெபம்,
கிணற்றுக்குள் விழுந்ததுபோல் எதிரொலி.
எனக்கே முதுகு சில்லிட்டது.
பெருமையாகவும் இருந்தது.

வைவா வந்தாள். காலணிப் பனியை உதறினாள்.
ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டாள்.
"இவர்கள் ஏன் தேவாலயத்தில் நின்று பேசுகிறார்கள்?"

மிட்டாய்த் தாளைப் பிரித்தபடி சொன்னாள்:
எனக்கு வருகிறவன்
முன்பு ஏழாம் எண் டிராலிபஸ்ஸில் சீட்டுக் கொடுத்த ஆள்.
எதிரொலியெல்லாம் கிடையாது.
பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுகிற மாதிரி.
அடுப்பை அணைத்தாயா என்பான்.
அணைத்தேன் என்றால் நம்பமாட்டான்.
எத்தனை முறை என்றா கேட்கிறீர்கள்?
கண் சிமிட்டுவதை நீங்கள் எண்ணுவீர்களா?
அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது
நான் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருப்பேன்.
அந்தச் சத்தத்தையும் போடுங்கள்.
இல்லாவிட்டால்
நான் சும்மா உட்கார்ந்திருந்ததாக ஆகிவிடும்.

ஒன்பதாம் நாள் கண்ணாடி உடைக்கும் காட்சி.
மூன்று கண்ணாடிகளுக்கு மட்டும் காசு.
நடிகை உக்னே முதலாவதை அழுதுகொண்டே உடைத்தாள்,
அடுத்ததைச் சிரித்துக்கொண்டு.
மூன்றாவதில் கை கிழிந்தது.
ஸிக்மாஸ் 'கட்' சொல்லவில்லை.
எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தோம்.
(என் மைக்கில் அது தெளிவாகப் பதிந்திருக்கிறது.)

துடைப்பத்தோடு வந்தவள் வைவா.
சில்லுகளைக் கூட்டி அள்ளினாள்.
"நம் வீட்டில் கண்ணாடி உடைந்ததே இல்லை, ஸிக்மாஸ்."
"தெரியும்."
"தெரியாது. நீ வில்னியஸில் இருந்தாய்."
அவன் லென்ஸைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.
"அம்மா எட்டு மாதம் அடுப்புக்குப் பக்கத்தில்
நாற்காலியில் தூங்கினாள்" என்றாள், முறத்தைப் பார்த்து.
"அதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்."

அறுபது இருக்கை. முப்பத்தெட்டுப் பேர்.
கண்ணாடிக்கு யாரோ விம்மினார்கள்.
படம் முடிந்து கேள்வி நேரம்:
அந்த இருட்டுக்குள் எப்படி இறங்கினீர்கள்,
திரும்பி வர எத்தனை நாள் ஆயிற்று?
உக்னே தழும்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.
நல்ல பெண், மிகைப்படுத்தவில்லை.
ஐந்து நாள் என்றாள்.
கைதட்டினார்கள்.
கடைசி வரிசையில் வைவாவும் தட்டினாள்,
கோட்டைக் கழற்றாமல், கையுறையோடு.
அதனால் சத்தமே வரவில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
ஐம்பத்து மூன்றாம் நிமிடத்தில் நாற்பது நொடி.
ஸிக்மாஸுக்குத் தெரியாமல்
எதிரொலியை எடுத்துவிட்டு என் மாமாவின் குரலை வைத்தேன்,
புகைக்கும் மனிதர், இருமலோடு:
அடுப்பை அணைத்தாயா.
அடியில் துருவல். கிழங்கு, தகரம், கிழங்கு.
மறுவாரம் ஒரு விமர்சகர்
அந்த இடத்தைக் குறிப்பிட்டு 'ஒலியில் தொய்வு' என்று எழுதினார்.

அன்றிரவு வாசலில் பனி விழுந்தது.
வண்டிக்காக நின்றோம், நெடுநேரம்.
"அவன் அவ்வளவு இருமமாட்டான்" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"கிழங்கு சரியாக இருக்கிறது."

ஏழாம் எண் வந்தது.
முன்கதவில் ஏறி,
இப்போது யாரும் சீட்டுக் கொடுக்காத அந்த இடத்தில்
ஒருவருக்கு வழிவிடுவதுபோல் சற்று ஒதுங்கி
உள்ளே போய் உட்கார்ந்தாள்.