எதிர்பார்க்கப்படும் வயது

உட்துறைமுக வீதி, மாடி அறை.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பொதியைப் பிரிக்கலாம்.
இரண்டு மில்லிகிராம் பறந்தால்
ஒரு நகரம் பறந்துபோகும்.

விதைகளை அடையாளம் காண்பது என் வேலை.
ஒஹாக்காவிலிருந்து யூலாலியா அனுப்பியிருப்பது
பாதிச் சோளமணி.
குன்றின்மேல் நகரம் எழும்ப முன்னம்
முதல் தளத்துக்கும் கீழே
ஓர் அடுப்புச் சாம்பலில் கிடந்தது.
மற்றப் பாதியை இயந்திரம் தின்றுவிட்டது.
அமிலத்தில் கழுவி, எரித்து, வாயுவாக்கி,
ஊசித்தலையளவு கரியாக்கி,
அணு அணுவாய் எண்ணிச் சொன்னது:
இரண்டாயிரத்து நானூற்றைம்பது.
முப்பது கூடலாம், குறையலாம்.

முப்பதென்றால் பொறுக்கலாம்.
ஆனால் அந்த நூற்றாண்டுகளில்
வானம் ஒழுங்காய்க் கணக்கு வைக்கவில்லை.
கிறிஸ்துவுக்கு முன் எழுநூற்றைம்பதில் கருகியதும்
நானூற்றுப் பத்தில் கருகியதும்
ஒரே எண்ணாய்த்தான் வரும்.
விடியற்காலைக் கொட்டியாரக் குடாபோல
வளைகோடு அங்கே தட்டையாய்க் கிடக்கிறது.

யூலாலியா எழுதுகிறாள்:
'நகரம் எப்போது தொடங்கியதென்று அமைச்சு கேட்கிறது.
இந்த மூன்றரை நூற்றாண்டுக்குள் ஏதோ ஒரு நாள் என்றேன்.
பெயர்ப்பலகையில் போட
ஒரு வருடம் தா என்கிறார்கள்.'

எனக்குப் பலகை நினைவில் நிற்கவில்லை.
சோளத்தைக் கருகவிட்டவள் நின்றாள்.
யார் கூப்பிட்டார்கள் அவளை? பிள்ளை அழுததா?
நகரம் தொடங்கியது அவளுக்குத் தெரியாது.
தீய்ந்த மணம் தெரிந்திருக்கும்.

வியாழன், கிண்ணியாப் பாலம் கடந்து அக்கரைக்குப் போனேன்.
தவமலரின் காணியில் எங்கள் குழி.
ஐந்தடிக்குக் கீழே கறுப்புச் சிவப்பு ஓடுகள் கிடக்கும்
என்று நம்பித்தான் வெட்டுகிறோம்.
முதலாவது அடியிலேயே கரி.
'அதில எங்கட குசினி' என்றாள்.
சாந்தகப்பையைக் கீழே வைத்தேன்.

விதைக்கென்று அடுப்புக்கு மேலே
கட்டித் தொங்கவிட்ட சோளன்.
யூலாலியாவின் மண்ணிலிருந்து
எப்போதோ கப்பலேறி வந்த பயிர்.
கதிரோடு கருகியும்
மணிகள் வரிசை குலையவில்லை.

'இதையும் உங்கட மெசினுக்கு அனுப்பலாமே?'

சொல்ல வேண்டியிருந்தது.
அக்கா, எங்கள் கணக்கில் 'இன்று' என்றால்
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது.
அதோடு நாட்காட்டி நின்றுவிட்டது.
பிறகு குண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள்,
உலகம் முழுக்கக் காற்றே மாறிப்போனது.
கோடு மலைபோல் ஏறி, மெல்ல இறங்கியது.
ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம்
ஒரே அளவு இரண்டு இடத்தில் வரும்.
உங்கள் சோளனுக்கு இயந்திரம் இரண்டு வருசம் தரும்:
ஐம்பத்தேழு. அல்லது இரண்டாயிரத்து ஆறு.
எது என்று அதற்குத் தெரியாது.

அவள் கையிலிருந்த கதிரைத் திருப்பிப் பார்த்தாள்.
'ஐம்பத்தேழில நான் பிறக்கவே இல்ல, பிள்ள.'

திரும்புகையில் சீனக்குடாவில் பஸ் நெடுநேரம் நின்றது.
காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள்.
அந்த எண்ணெயைக் கொடுத்தால் இயந்திரம் சுழியம் காட்டும்.
அதுவும் ஒருகாலம் உயிரோடிருந்ததுதான்.
எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவே.
முன் இருக்கையில் யாரோ
அவித்த சோளன் உரித்துக்கொண்டிருந்தார்கள்.
பஸ் முழுக்க அந்த மணம்.

இரவு, மேசையில் இரண்டு படிவங்கள்.
ஏழாம் கட்டம்: எதிர்பார்க்கப்படும் வயது.
யூலாலியா அதில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.
மற்றதைக் குழிக்கரையில் குந்தியிருந்து
தவமலரே நிரப்பித் தந்தாள்.
கூடலாம், குறையலாம் என்ற கட்டத்தைக்
குறுக்கே வெட்டிவிட்டு
நீலப் பேனையால், அழுத்தி:

சித்திரை. செவ்வாய். பின்னேரம்.
சோறு இன்னும் வடிக்கேல்ல.