துறை தேர்ந்த ஆள்

கிண்டியிலிருந்து சேரன்மகாதேவிக்குப்
பதினாறு பக்க அறிக்கை வந்தது.
ஃபுட் வால்வின் மேல் நான் கவிழ்த்த
சிலுப்பிவிடும் வளையத்துக்கு
அதில் ஒரு வரிதான்:
"துறை தேர்ந்த எவருக்கும் இது வெளிப்படை."

ஆதாரம் இரண்டு.
ஜப்பானில் மீன்பண்ணைக்குச் செய்த சல்லடை,
ஜெர்மனியில் பீர் வடிக்கும் குழாய்.
சேர்த்தால் என் வளையம் வந்துவிடுமாம்.
சேர்க்கத் தோன்றுவது யாருக்கு, ஏன் என்று
பதினாறு பக்கத்திலும் இல்லை.

அந்த ஆளைத் தேடிப் போனேன்.
உலகத்துக் காகிதமெல்லாம் படித்தவர்,
சொந்தமாக ஒன்றும் தோன்றாதவர்.
பத்தமடை மோட்டார் கடையில் விசாரித்தேன்.
"அப்படி யாரும் வாரதில்லையே அண்ணாச்சி."

கன்னடியன் கால்வாயில்
அமலை வேர் வந்து வால்வை அடைக்கும்.
அரிவாளைப் பல்லில் கடித்துக்கொண்டு
பிரமநாயகம் முங்குவார்.
நடவுக்கு நாலு தரம், கதிருக்கு ரெண்டு தரம்,
பன்னிரண்டு வருஷம்.
ஒரு தரம் கை மாட்டி, நீலம் பாரித்துத்தான் மேலே வந்தார்.
வெளிப்படையாய்க் கிடந்ததென்றால்
அந்த மனுஷன் எதற்கு முங்கினார்?

நான் மாட்டிக் காட்டிய மூணாம் நாள்
முன்னீர்பள்ளம் லேத்துக்காரன் எட்டிப் பார்த்தான்.
"இம்புட்டுத்தானா?"
அடுத்த வாரமே நாலு செய்து விற்றான்.
எனக்கு எதிரான சாட்சியும் அவன்தான்,
யோசித்தால், என் சாட்சியும் அவன்தான்.

வெள்ளிடை மலை என்கிறார்கள்.
ஐப்பசி முழுக்க இங்கே மேற்கே பார்த்தால் சாம்பல்தான்.
ஒரு காலை மேகம் விலகும்.
பால் வாங்க வந்தவன்கூடச் சொல்வான்:
"மலை அங்ஙனதான நிக்கி."

விசாரணை காணொளியில், பதினொன்றரைக்கு.
அதிகாரி அம்மா பொறுமையானவர்.
"வெளிப்படை இல்லை என்று நீங்கள் காட்ட வேண்டாமா?"
"இல்லாததை எப்படிம்மா காட்ட?
மீன்பண்ணையில் புறப்பட்டு
பீர்க்குழாய் வழியே
எங்க ஊர்ச் சகதிக்கு
ஒருத்தன் ஏன் நடந்து வருவான்னு
நீங்கள்லா காட்டணும்.
வந்து சேர்ந்த தடத்தைப் பார்த்துப்
பாதை இருந்ததுன்னு சொல்லக் கூடாதுல்லா."
அவர் எழுதிக்கொண்டார்.
தலையசைத்தாரா தெரியவில்லை,
அதற்குள் கரண்ட் போய்விட்டது.

உத்தரவு இன்னும் வரவில்லை.
நேற்று பிரமநாயகத்திடம் எல்லாம் சொன்னேன்.
காதில் தண்ணீர் நிற்கிற மாதிரி
தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"எனக்குத் தோணலியேடே."

இதை எந்தப் பத்தியில் சேர்ப்பதென்று
ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறேன்.