எட்டா, மூன்றா

பீடோர் தாண்டி, ஆலை முகப்பில்
எடைமேடைக் கிராணி நான்.
பழலாரி ஏறும்; ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும்; இன்னோர் எண்.
முன்னதில் பின்னதைக் கழித்தால் பழம்.
பதினோரு வருஷமாக இந்தக் கணக்குத்தான்.

என் கண்ணுக்கும் எண் உண்டு:
கழித்தல் ஏழேகால்.
இடது கண்ணில் இன்னும் ஓர் அரை.

ஈப்போவில் மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி
தூரத்தில் ஒரு பலூன் காட்டினார்கள்.
மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது.
கருவிழிப் படலம் கொஞ்சம் மெல்லிசு,
ஆனாலும் செய்யலாம் என்றார் டாக்டர் வோங்.
ஒரு கண்ணுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாதாம்.
இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம்,
கண் காயலாம்,
நாற்பதுக்கு மேல் வாசிக்க
எப்படியும் கண்ணாடி வரும்.
எனக்கு முப்பத்தாறு.
ஆறாயிரத்து எண்ணூறு வெள்ளி.

திரும்பும் பஸ்ஸில் வகுத்துப் பார்த்தேன்.
நாலு வருஷத்துக்கு,
நாளுக்கு நாலு வெள்ளி அறுபத்தாறு சென்.
ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக்.

கூட்டு அடுத்த மாதம் என் முறை.
"செஞ்சிடுக்கா" என்கிறாள் மேகலை,
"என் கல்யாணப் படத்துலயே
ஒன் மொகத்துல ரெண்டு டியூப்லைட்டு."

நியாயம்தான்.
ஏர்கான் அறையைவிட்டுக் கால் வைத்தால்
ஆலை ஆவியில் கண்ணாடி பூத்துவிடும்.
மழையில் மோட்டார் ஓட்டினால்
ஹெல்மெட்டிலும் தண்ணீர், கண்ணிலும் தண்ணீர்.
விடிகாலை கட்டிலோரம் தடவித் தடவி
ஒருநாள் எடுத்தது பல்லியை.

ஆனால் யாரிடமும் சொல்லாதது ஒன்று:
வீட்டில் அவர் குரல் ஏறும்போது
கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன்.
முகம் போய்விடும்.
கத்துவது ஒரு பழுப்புச் சட்டை மட்டும்.
சட்டையிடம் என்ன கோபம்?
பதினாலு வருஷம் இப்படித்தான் ஓடியது.
கண் சரியான பிறகு
எதைக் கழற்றுவேன்?
டாக்டரிடம் கேட்கிற கேள்வியா இது.

போன செவ்வாய், இரவு ஷிப்ட்.
குனிந்தேன், விழுந்தது, என் காலே மிதித்தது.
மேடையில் அருள்தாஸ் அண்ணன் லாரி.
எண்பலகை முழுக்கச் சிவப்புக் கூழ்.
"அண்ணே, நீங்களே பார்த்துச் சொல்லுங்க."
கண்ணை இடுக்கித் தலையை நீட்டினார்.
"இருபத்திரண்டாயிரத்து நானூத்தி முப்பது."
எழுதிக்கொண்டேன்.
நூறு கூட்டிச் சொல்லியிருந்தாலும்
எழுதியிருப்பேன்.

காலையில் செலோடேப் ஒட்டிய கண்ணாடியோடு
மிஷின் பதிவைப் பார்த்தால்
நானூத்தி எண்பது.
தன் கூலியிலேயே ஐம்பது கிலோ
குறைத்துச் சொல்லியிருக்கிறார் மனுஷர்.
எட்டு அவருக்கு மூன்று.

திருத்தி எழுதிவிட்டு,
"ஆ லியோங் கடையில ஒரு தடவை
கண்ணைக் காட்டுங்கண்ணே" என்றேன்.
"எனக்கு எதுக்கும்மா?
ரோடு தெரியுதே."

வியாழனுக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.
காரணம் என்ற கட்டத்தில் 'கண்'.
சம்மதத் தாள் பைக்குள் இருக்கிறது,
கையெழுத்து இல்லாமல்.

இருட்டில் மேடை ஏறுகிறது ஒரு காலி வண்டி.
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன்.
துடைத்து முடித்தும் கொஞ்ச நேரம் போடவில்லை.
ஆலை விளக்குகள் ஒவ்வொன்றும்
பூசணிப்பூ அளவுக்கு.
அருள்தாஸ் அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.