அரைப்பேர்

திங்கட்கிழமை தோறும் ஆற்றில் இறங்கி
கல்லைக் கலைப்பது என் வேலை.
கொழுந்துக்கூடை இல்லை, கங்காணி சத்தம் இல்லை.
இடுப்பில் கட்டும் படங்கு மட்டும்
பழைய படங்கு.

அப்புத்தளைக்கு மேலே, எங்கள் தொரை பங்களா
ஹோட்டலான பிறகு
வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் வந்து அடுக்குகிறார்கள்.
பெரிது கீழே, சிறிது மேலே,
உச்சியில் ஒரு கூழாங்கல், ஒரு படம்,
பிறகு வேன்.
கல்லுக்கடியில் குடியிருந்த நண்டு
எங்கே போனதென்று யாரும் விசாரிப்பதில்லை.

வனத்துறை ஐயா வந்து சொல்லிவிட்டுப் போனார்:
எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும்,
தவளை முட்டையிடும் இடம்.
எடுத்த இடம் எனக்கெப்படித் தெரியும்?
கல்லுக்குத் தெரிகிறது.
பாசிப் பக்கம் மேலே, ஈரப் பக்கம் கீழே,
தன் குழியில் உட்கார்ந்ததும்
ஒருதரம் முனகி அடங்குகிறது.

வேன் ஓட்டும் திலகசிறி
அடுக்கைக் கண்டால் செருப்பைக் கழற்றுவான்.
தாகபை மாதிரி இருக்கே அக்கா,
எப்படிக் காலால் தள்ளுறது?
காலால் இல்லை தம்பி, கையால்.

கொரியாவிலிருந்து வந்த பிள்ளை
போனுக்குள் ஏதோ பேசி
போனைத் தமிழில் காட்டினாள்.
எங்கள் மலையில் ஒரு கல், ஒரு வேண்டுதல்.
முன்னால் போனவர் கல்மேல் பின்னால் வருகிறவர் வைப்பார்.
தள்ளிவிட்டால் பாவம்.
நான் தலையாட்டினேன்.
அன்றைக்கு மட்டும் முப்பத்தெட்டுப் பாவம்.

எங்களுக்கும் கல் புதிதில்லை.
மூன்றை நட்டு மஞ்சள் பூசினால் கவ்வாத்துச் சாமி,
கத்தி காலில் படாமல் பார்த்துக்கொள்ளும்.
மூன்றைக் கூட்டி நெருப்பு வைத்தால் அடுப்பு.
ரோட்டோரம் கியூப் கணக்கில் குவித்தால்
என் மாமனாரின் சம்பளம், முதுகுவலி.
பதினோராம் நம்பர் மலை சரிந்து
லயத்தின்மேல் குவிந்து கிடக்கிறதே,
அதற்கு என்ன பேர் என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.

மேட்டில், சவுக்குக்குக் கீழே
அஞ்சு கல் இருக்கிறது.
அது நான் வைத்தது.

எட்டாம் மாதம். அடைமழை.
லொறி வரும்வரை கொழுந்து மடுவத்தில்
சாக்கு விரித்துக் கிடந்தேன்.
லொறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.
பிள்ளை அழவில்லை.
ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பேர் எழுதுகிற இடத்தில்
ஒரு கோடு இழுத்தார்கள்.

பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
அவளுக்கு அரைப்பேரும் விழவில்லை.

அவள் அப்பா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.
விறகுக்கு மட்டும்
எப்போதும் அந்த வழியாகவே போகிறார்.

போன திங்கள் ஏறிப் பார்த்தேன்.
ஆறு கல்.
உச்சியில் வெள்ளையாய், புறாமுட்டை அளவில்,
எங்கள் ஆற்றில் இல்லாத சாதி.
யார் வைத்தது?
எதைக் கேட்டு வைத்தது? பரீட்சையா, கல்யாணமா,
தூரத்தில் படுக்கையில் கிடக்கும் அம்மாவையா?
என் பிள்ளை தலையில்
யாரோ ஊரார் பாரம்.

எடுக்கக் கை போனது.
கல் சூடாயிருந்தது, வெயில்தான்.

இதுவரை யாரும்
அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

கையை எடுத்துக்கொண்டேன்.
கீழே இறங்கி மீதியை எல்லாம் கலைத்தேன்.
ஒரு கல்லுக்கடியில் நண்டு இருந்தது,
கொடுக்கைத் தூக்கி என்னோடு சண்டைக்கு நின்றது.

சாயங்காலம் சூப்பவைசர் மகேந்திரராஜா
புத்தகத்தைத் திறந்துகொண்டு, எத்தனை என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
எங்கள் பழைய தராசு தொங்கியது,
விருந்தாளிகளுக்கு அழகு காட்ட எண்ணெய் போட்டு.
சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒன்று என்று
இருபது வருசம் என் கொழுந்தில் கழித்த தராசு.

ஆற்றங்கரையில் நாற்பத்திரண்டு இருந்தது.

நாற்பத்தொன்று என்றேன்.
எழுதிக்கொண்டார்.