குடுமிக் கணக்கு

"முத்திரை அதிகாரி மதியத்துக்கு மேல்தான் வருவார்.
ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்"
என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்.
விவாகரத்துக்கும் வரிசைச் சீட்டு உண்டு திபிலீசியில்.
எங்களுடையது நூற்றுப் பதினெட்டு.

மணி ஒன்பதேமுக்கால்.
ஓத்தியா முழுநாள் விடுப்பு எடுத்திருந்தான். நானும்.
வீட்டுக்குப் போகலாமென்றால், எந்த வீட்டுக்கு?

"கோட்டைக்குப் போயிருக்கிறாயா?" என்றான்.
பதினேழு வருடமாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம்
சமையலறை ஜன்னலில் நின்ற கோட்டை.
ஏறியதில்லை.
அவனும் இல்லை.

ஊரெல்லாம் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்
ரோப் கார் கிளம்பியதும் ஆற்றைப் பார்க்கவில்லை,
கம்பியைத்தான் பார்த்தான்.
"புது வடம், பயமில்லை" என்று
எனக்குச் சொல்வதுபோல் தனக்குச் சொல்லிக்கொண்டான்.
கீழே குரா,
பால் கூடிப்போன தேநீர் நிறத்தில்.

சுவர் சரிந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே
எங்கள் கூரையைத் தேடினோம்.
அவன் ஒன்றைக் காட்டினான். நான் வேறொன்றை.
காலையில் காயப்போட்ட பச்சைப் போர்வை
என் பக்கம் சாட்சி சொன்னது.
"வெயில் கூசுகிறது" என்றான், வழக்கம்போல.

இறங்கும் வழியில்
அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுட்ட நீள ரொட்டி,
படகுபோல் இரு முனையும் கூராக.
முனைகள் எனக்கு, நடுப்பகுதி அவனுக்கு.
இந்த ஒன்றில் மட்டும்
எங்களுக்குள் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

கந்தகக் குளியலறையில்
ஆண்கள் பக்கம் அவன், பெண்கள் பக்கம் நான்.
நதேலா என்றொருத்தி முரட்டுக் கையுறையால்
என் முதுகைத் திரித்திரியாய் உரித்தாள்.
"எத்தனை வருட அழுக்கடி இது?"
பதினேழு என்றேன்.
சிரித்துவிட்டு இன்னும் ஒரு வாளி ஊற்றினாள்.

வெளியே வந்தால்
அவனும் வேகவைத்த பீட்ரூட்போல் நின்றிருந்தான்.
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த ஒரு வெளிநாட்டுக்காரர்
சாய்ந்த மணிக்கூண்டுக்கு வழி கேட்டார்.
ஓத்தியா, பிறந்ததே இரண்டு தெரு தள்ளி,
மலையில் வழி தவறி இருட்டிய அன்றுகூட
'தெரியாது' என்று வாய்விட்டுச் சொல்லாதவன்,
"தெரியாது, நாங்களும் ஊருக்குப் புதிது" என்றான்.

மூவரும் சேர்ந்து தேடினோம்.
ஒரே சந்துக்குள் இரண்டு முறை.

கூண்டில் சின்னக் கதவு திறந்தது.
பொம்மை ஆணும் பொம்மைப் பெண்ணும்
சந்தித்தார்கள், மணந்தார்கள், பெற்றார்கள், புதைந்தார்கள்.
முழுசாய் ஐந்து நிமிடம்கூட இல்லை.
எங்களைப் போன்றவர்கள் வெளியேற
நடுவில் ஒரு கதவு வைக்கவில்லை.
வெளிநாட்டுக்காரர் கைதட்டினார்.

நிலவறைச் சாப்பாட்டுக்கடையில் இருபது கிங்காலி.
மாவைச் சுருக்கி முடிந்த குடுமியைப் பிடித்துத் தூக்கி,
ஓரத்தைக் கடித்து, சாற்றை உறிஞ்சி, பிறகு கறி.
குடுமி பிடிக்க எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.
அந்த முடிச்சு சரியாக வேகாது, தின்னமாட்டார்கள்;
தட்டிலேயே விட்டு எண்ணுவார்கள்,
யார் எத்தனை என்று.

அவனுக்குப் பத்து. எனக்கு ஒன்பது.
"ஒன்று குறைகிறதே" என்றான் பரிமாறிய பையன்.
"நீதான் எண்ணத் தெரியாமல்..." என்று ஆரம்பித்த ஓத்தியா
பாதியில் நிறுத்தி, டாரகன் சோடாவைக் குடித்தான்.
பச்சை மீசை.
துடைத்துக்கொள் என்று சொல்ல
இன்னும் இரண்டு மணி நேரம்
எனக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை.
பில்லைப் பாதியாகப் பிரித்தோம்.

ஐந்து மணி. நூற்றுப் பதினெட்டு.
முத்திரை ஒன்று சரியாக விழவில்லை,
மறுபடி குத்தினார்கள்.

என் பஸ்தான் முதலில் வந்தது.
கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி ஏதோ சொன்னான்.
மழை வரும், போர்வையை எடு என்பதாக இருக்கலாம்.
காதில் விழவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்.

வயிற்றில் அந்த ஒரு குடுமி
வேகாத மாவாக,
இறங்குவேனா என்று கிடந்தது.