இதரம்

மார்ச் கடைசி ஞாயிறு.
கடிகாரத்தை முன்னே தள்ளி
ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டார்கள்;
ரசீது தரவில்லை.

சமையல் மேசையில் கவுன்சில் வரி, எரிவாயு,
கூரையில் நகர்ந்த ஓட்டுக்கு ஒருவன் சொன்ன விலை.
கூட்டிக்கொண்டிருந்தேன்.
கப்பல் கவிழ்ந்தாற்போல் கன்னத்தில் கை வைக்காதே
என்றார் குகனேசன்,
ஒரு படகில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர்.
மிச்சம் நாலும் ரொட்டிக்கடை ட்ரெவினாவுக்கும்
அவர் மைத்துனர்களுக்கும்.
எந்தப் பங்கு நம்முடையது என்று
மயூரதி போன வருசமே கேட்டாள்.
ஓட்டை இருக்கிற பங்கு என்றேன்.

போன வாரம் பாசி சுரண்டி
சிவப்புச் சாயம் பூசியது
(டின் அறுபத்தெட்டு பவுண்டு)
இன்று ஃபால்மத் துறையில் நீரில் இறங்கியது.
கலங்கரை விளக்கம் தாண்டியதும்
எஞ்சினை நிறுத்தினார்.
பாய் ஒருமுறை படபடத்து
எதுவோ ஞாபகம் வந்ததுபோல் நிமிர்ந்தது.
குன்றெல்லாம் மஞ்சள் முட்பூ.
மூவருக்கும் பேச ஒன்றுமில்லை.
சம்பலில் உப்புக் கூடியிருந்தது,
நானா கடலா தெரியவில்லை.

இரவு கணக்கு நோட்டில்
சாயம், கயிறு, பார்க்கிங் எழுதி
இதரம் என்று ஒரு வரி போட்டேன்.
எதிரே தொகை எழுதவில்லை.
ஈரக் காலுறைகள் ஹீட்டரில் காய்கின்றன.
அதற்கும் மீட்டர் ஓடுகிறது.